வறண்ட தோலும் முகலேபமும்

உடம்பின் உறுப்புக்களுள் வெயிலையும் காற்றையும் முதற்கண் எதிரேற்று நிற்பது தோல். அத்தோலினுள்ளும் ஆடையால் மூடப்பெறாது எஞ்ஞான்றும் வெளிப்பட்டு நிற்பது முகத்தின் தோலேயாகும். ஆகவே ஓர் ஊரின் காலநிலை எத்தகையது என்பதை அவ்வூரார் முகத்தைக் கொண்டே ஒருவாறு அறிந்து கொள்ளலாம். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பகுதியில் அமைந்த சீனன்குடா இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. கடலும் காடும் அடுத்தடுத்து நிற்கும் இவ்விடத்திலே விமானத்தளமும், எண்ணெய்த் தாங்கிகளும், மாவாலையும், புகையிரத நிலையமும் உள்ளன. இவற்றிலே தொழில் செய்வோரும், குடாவிலே வலை வீசுவோரும், மிதிவண்டியிற் பாடசாலைக்குச் செல்லும் மாணவரும் ஆண்டிற் பல திங்கள் ஒரே குறையைக் கூறுவர்: முகம் இழுக்கின்றது, உதடு வெடிக்கின்றது, கன்னத்திலே செதில் எழுகின்றது.

இக்குறையைப் போக்குதற்கு இக்காலத்திற் பலரும் நாடுவது முகப்பூச்சு. அழகுநிலையத்தார் அதனைப் 'பேஸ் மாஸ்க்' என்பர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மக்கள் மூக்கையும் வாயையும் மூடி அணிந்த முகக்கவசம் வேறு, இது வேறு. அரைத்தோ குழைத்தோ முகத்திற் பூசி, சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர்க் களையும் பூச்சே ஈண்டுக் கருதப்படுவது. வடமொழி மருத்துவ நூலார் இதனை முகலேபம் என்றனர். கடையில் வாங்காது, அடுக்களைப் பொருள்களைக் கொண்டு அவ்வப்போது புதிதாகச் செய்யப்படும் முகலேபம் வறண்ட தோலுக்கு உண்மையிற் பயன்படுமா, பயன்படின் எவ்வாறு, அதனைத் தேர்ந்து அறியும் முறை யாது என்னும் மூன்று வினாக்களும் ஆராயத்தக்கன.

கச்சானும் தோலும்

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை இலங்கையில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. கொழும்புக்கும் இரத்தினபுரிக்கும் அது மழைக்காற்று. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே அது மேலேறுங்கால் குளிர்ந்து, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மழையாகச் சொரிந்து விடுகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்குங்கால் அமுக்கமுற்று வெப்பமடைகின்றது. ஈரத்தை இழந்து வெப்பத்தைப் பெற்ற காற்று, எதிர்ப்பட்ட பொருள்களிலிருந்தெல்லாம் ஈரத்தை வாங்கும் இயல்பினது. கீழ்கரை மக்கள் கச்சான் என்று கூறுவது இக்காற்றையே. திருகோணமலைப் பகுதி தன் மழையின் பெரும்பாகத்தை ஐப்பசி முதல் தை வரையுள்ள காலத்தில் வாடைக்காற்றாற் பெறுவது. எனவே கச்சான் வீசும் திங்கள்கள் இங்கு வறட்சிக் காலமாகின்றன. கொடியில் இட்ட துணி விரைந்து உலருமாறு செய்யும் அக்காற்றே முகத்தின் ஈரத்தையும் கவர்கின்றது.

தோலின் மேலடுக்கு கொம்புப்படை எனப்படும். முகத்திலே அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்களவிற்கும் குறைந்தது. உயிர் நீங்கித் தட்டையான கலங்கள் அடுக்கடுக்காக அமைந்தும், அவற்றினிடையே கொழுப்புப் பொருள்கள் நிரம்பியும் அப்படை ஆக்கப்பட்டுள்ளது. செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவரை இதற்கு உவமையாகக் கூறுவர் தோல்நோய் ஆராய்வோர். கலங்கள் செங்கல், கொழுப்பு சாந்து. கலங்களினுள்ளே நீரைப் பற்றி வைத்திருக்கும் நுண்பொருள்கள் சில உள. நல்ல நிலையிலுள்ள கொம்புப்படையில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வரை நீர் இருக்கும். அது பத்துப் பங்கிற் குறையுமாயின் படை நெகிழ்ச்சி இழந்து, வெடித்துச் செதிலாகும். தோலின் அடிவரிசையிலே பிறக்கும் ஒரு கலம் மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் செல்லும். ஒரு நாளிலோ ஒரு பூச்சிலோ புதிய தோலைப் பெற்றுவிட இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

வறட்சியைக் காற்று மட்டும் விளைவிப்பதன்று. நல்ல தோல் சற்றே காடித்தன்மை உடையது, அதன் பீ.எச். மதிப்பு 5 அளவினது. வழக்கமான சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. அதன் மதிப்பு 9 முதல் 10 வரையாகும். நாளொன்றிற்குப் பன்முறை சவர்க்காரமிட்டு முகங் கழுவுவோர், சுவரின் சாந்தைத் தாமே சுரண்டுவாராகின்றனர். வறள்வலயக் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம், மகனீசியம் என்பன சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத படிவாகித் தோலில் தங்குவதும் உண்டு. கடற்காற்றிற் கலந்துவரும் உப்பு, வெயில், குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்று ஆகியனவும் இக்குறையை மிகுவிப்பன.

வறண்ட தோலுக்கு வேண்டுவது எண்ணெய் என்பதே நெடுங்காலம் பலரும் கொண்டிருந்த கருத்து. அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் என்பவர் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி இக்கருத்தைத் திருத்தியது. உலர்ந்து முறியும் நிலையிலிருந்த தடித்த தோற்றுண்டுகளை அவர் எண்ணெய்ப் பொருள்களில் ஊறவைத்தார்; அவை மென்மையுறவில்லை. நீரை ஏற்ற துண்டுகளோ வளைந்து கொடுத்தன. கொம்புப்படையை நெகிழச் செய்வது நீரே என்பது இதனால் தெளிவாயிற்று. எண்ணெயின் தொழில், அந்நீர் வெளியேறாது காத்தல். முன்னது கொடை, பின்னது காவல். முகலேபத்தின் நன்மை தீமைகளை அளந்தறிவதற்கு இவ்வேறுபாடே அளவுகோலாகும்.

ஒரு தவறிய முயற்சி

சான்றாக, சீனன்குடாவில் வாழ்ந்து உயர்தர வகுப்பிற் பயிலும் ஒரு மாணவியைக் கொள்க. ஆவணித் திங்களில் அவள் தமக்கைக்குத் திருமணம். நாள் பத்தே உள்ளது. கச்சானால் வறண்ட கன்னத்தைச் சீர்செய்ய விரும்பிய அவள், பலரும் கூறக் கேட்டவாறு கடலைமாவையும் மஞ்சளையும் தேசிக்காய்ச் சாற்றையும் கூட்டிக் குழைத்துப் பூசுகின்றாள். பூச்சு நன்கு காய்ந்து வெடித்தால்தான் பயன் உண்டு என்பது அவள் கேள்வி. ஆதலால் மின்விசிறியின் கீழ் அரைமணி நேரம் இருந்து, காய்ந்ததை உரித்துத் தேய்த்து எடுக்கின்றாள். முகம் சிறிது நேரம் வழவழப்பாகத் தோன்றுகின்றது. மாலையில் எரிவும் சிவப்பும் உண்டாகின்றன; மறுநாட் காலையிற் செதில் முன்னையினும் மிகுகின்றது.

இத்தகைய நிகழ்ச்சி பல வீடுகளிற் காணப்படுவதே. இதனைக் கண்டோர் சிலர் நாட்டு வழக்கமே பயனற்றது என்பர். வேறு சிலர் அப்பிள்ளையின் தோல் அத்தகையது என்பர். இரு கூற்றும் பொருந்தா. குறை எங்கே உள்ளது என்பதை அறிதற்குப் பண்டை வழக்கத்தையும் பூச்சின் தொழிலையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

பண்டை வழக்கு

நறுமணப் பொருள்களையும் சுண்ணங்களையும் கொண்டு உடலைப் பேணியமை தமிழர்க்குப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி பத்துவகைத் துவரும், ஐவகை விரையும், முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரிற் கூந்தலைக் கழுவியமை கூறப்பட்டுள்ளது. பிற நாட்டாரிடத்தும் இத்தகைய முயற்சி இருந்தது. உரோமப் புலவர் ஒவிட் முகப்பூச்சுக்களைப் பற்றித் தனிநூல் ஒன்று யாத்தார்; அதில் எஞ்சியுள்ள பகுதி பார்லி, முட்டை, தேன் முதலியவற்றாற் செய்யும் பூச்சினைக் கூறுகின்றது. தானிய மாவும் தேனும் முகத்திற்கு ஏறியமை ஒரு நாட்டிற்கே உரியதன்று.

ஈழத்திலும் தமிழகத்திலும் நிலவிய எண்ணெய் முழுக்கு இவ்விடத்து நினைக்கற்பாலது. அவ்வழக்கத்தில் முதலில் உடம்பெங்கும் எண்ணெய் தேய்க்கப்பட்டது. அது ஊறிய பின்னரே பயற்றம்மாவோ அரப்போ சீயாக்காயோ இடப்பட்டது. எஞ்சிய எண்ணெயைக் கவர்ந்து அழுக்கோடு நீக்குதல் மாவின் தொழில். தோலிற் படிந்த எண்ணெய் அம்மாவின் கடுமையைத் தணித்தது. இக்காலத்தில் எண்ணெய் முழுக்கு அருகிவிட்டது. மா மட்டும் முகப்பூச்சென்னும் பெயரோடு எஞ்சி நிற்கின்றது. எண்ணெய் காணாத வறண்ட முகத்தில் அதனைப் பூசினால், கவர்வதற்கு வேறு எண்ணெய் இன்மையால் தோலின் சொந்தக் கொழுப்பையே அது கவரும். வழக்கத்தின் பிற்பாதியை மட்டும் கைக்கொண்டதே அம்மாணவியின் முதற் பிழை.

அவளது இரண்டாம் பிழையை ஆயுர்வேத நூலொன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விலக்கியுள்ளது. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம், சூத்திரஸ்தானத்தின் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் முகலேபத்தைப் பற்றிக் கூறுகின்றது. தோடத்தை நீக்குவது, நஞ்சை நீக்குவது, நிறத்தைத் தருவது என முகலேபம் மூவகைப்படும். அதன் தடிப்பு விரலகலத்தின் காற்பங்கு, மூன்றில் ஒரு பங்கு, அரைப்பங்கு என மூவளவினது. வாதகபக் குற்றங்களுக்கு வெதுவெதுப்பாகவும், ஏனையவற்றிற்குக் குளிர்ச்சியாகவும் பூசுதல் நன்று என்பது அந்நூலார் கருத்து. ஆறு பருவங்களுக்கும் வெவ்வேறு பூச்சுக்கள் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. இவை எல்லாவற்றினும் சிறந்த விதி ஒன்றுண்டு: பூச்சு காயாதிருக்கும் வரையிலேயே முகத்தில் இருக்கலாம், காய்ந்த பூச்சு தோலின் ஒளியைக் கெடுக்கும். எனவே அதனை நனைத்தே எடுத்தல் வேண்டும்; எடுத்தபின் எண்ணெய் பூசுதல் வேண்டும். பூச்சு முகத்திலிருக்கும்போது பகலுறக்கம், பேச்சு, தீ, வெயில், துயர், சினம் என்பவற்றைத் தவிர்க்கவும் அந்நூல் கூறுகின்றது. நீர்க்கோவை, செரியாமை முதலியன உடையார்க்கு முகலேபம் ஆகாது என்று விலக்கும் உண்டு.

தோடங்களைப் பற்றிய கொள்கையை இக்கால விஞ்ஞானம் அவ்வாறே ஏற்பதில்லை. ஆயினும் காயவிடாமை, நனைத்துக் களைதல், பின்னர் எண்ணெயிடல் என்னும் மூன்றும் கண்டறிந்தோர் கூற்று என்பதில் ஐயமில்லை. அவற்றின் காரணம் பூச்சின் தொழிலை நோக்குவார்க்கு எளிதில் விளங்கும்.

பூச்சின் தொழில்

ஈரமான பூச்சு மூன்று தொழில்களைச் செய்வது. முதலாவது, தன்னிலுள்ள நீரைக் கொம்புப்படைக்கு ஊட்டுதல். இரண்டாவது, தோலின்மீது ஒரு மூடியாக நின்று உள்ளீரம் வெளியேறுவதைத் தடுத்தல். மூன்றாவது, தேன், கிளிசரீன் போன்ற ஈரம்பற்றிப் பொருள்களைத் தோலில் விட்டுச் செல்லுதல். இம்மூன்றும் பூச்சு ஈரமாக இருக்கும் வரையிலேயே செவ்வனே நிகழும். காற்றுப்படும் பக்கத்திலிருந்து பூச்சு உலரத் தொடங்குகின்றது. நீர் முழுதும் போனபின் அது உலர்ந்த கடற்பஞ்சு போலாகித் தோலோடு ஒட்டியுள்ள ஈரத்தையும் கொழுப்பையும் தன்னுள் வாங்கும். அன்றியும் காயும் பூச்சுச் சுருங்கும். சுருங்குங்கால் தோலை இழுக்கும். அவ்விழுப்பையே பலர் தோல் இறுகி இளமையுறுவதாகப் பிழைபடக் கருதுவர். உலர்ந்ததை உரிக்குங்கால் பற்றறாத செதில்களும் உடன் பெயர, அவற்றின் கீழுள்ள இளந்தோல் காற்றுக்கு வெளிப்படுகின்றது. எரிவிற்குக் காரணம் இதுவே.

இதனால் மற்றோர் உண்மையும் போதரும். இருபது நிமிடம் வைத்திருக்க என்று பொதுப்படக் கூறும் விதி எல்லா ஊர்க்கும் பொருந்தாது. மார்கழி மழையில் இருபது நிமிடம் ஈரமாக நிற்கும் பூச்சு, ஆடிக் கச்சானில் எட்டுப் பத்து நிமிடத்திலேயே காய்தல் கூடும். கடிகாரத்தை அன்று, பூச்சையே பார்த்தல் வேண்டும். மூக்கோரத்திலும் நெற்றியின் விளிம்பிலும் அதன் நிறம் வெளிறத் தொடங்கினால் அதுவே களைதற்குரிய காலம். மெல்லிய பருத்தித் துணியை நீரில் நனைத்துப் பிழிந்து பூச்சின்மேல் இடுவது, ஈரத்தை நெடிது நிறுத்த உதவும் எளிய வழியாகும்.

இனி, எப்பொருள் எதற்காக என்பதைக் காணல் தகும். தேன் நீரைப் பற்றும் இயல்பினது. சோற்றுக்கற்றாழையின் உட்சோறு பெரும்பாலும் நீரே. அது வழுக்கும் பசையாக இருத்தலின் நீரைத் தோலில் நிறுத்தி வைக்கும். ஆனால் மடலை அறுத்தவுடன் வடியும் மஞ்சட் பால் தோலை உறுத்துவது. மடலைச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்து அப்பாலை வடியவிட்டு, கழுவிய பின்னரே சோற்றை எடுத்தல் வேண்டும். கிண்ணியாப் பகுதியிலிருந்து முட்டியில் வரும் எருமைத்தயிர் கொழுப்பு மிக்கது. அதிலுள்ள லக்டிக் அமிலம், தோல் தானே உண்டாக்கும் ஈரம்பற்றிகளுள்ளும் ஒன்று. மிகப் புளித்த தயிர் எரிவைத் தரும். அன்றைய புதுத்தயிரே தக்கது.

பின்பூசும் எண்ணெயைப் பற்றியும் ஆராய்ச்சிகள் உள. பிலிப்பைன்ஸ் நாட்டிலே 34 பேரின் வறண்ட கால்தோலில் தேங்காயெண்ணெயையும் கனிய எண்ணெயையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. இரண்டும் ஒத்த பயனை அளித்தன என்பது அதன் முடிபு. அதற்கு மாறாக, ஒலிவ எண்ணெய் தோலின் காவலைத் தளர்த்துகின்றது என்றும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்வதில்லை என்றும் 2013இல் இங்கிலாந்தின் செபீல்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. இயற்கைப் பொருள் என்னும் ஒரு பெயரால் எல்லாவற்றையும் ஒருங்கே நல்லன எனக் கொள்ளலாகாது என்பதற்கு இவை சான்று. முகப்பரு எளிதில் தோன்றும் இயல்புடையார் முகத்திற்குத் தேங்காயெண்ணெய் ஏற்காது போதலும் உண்டு.

தேர்ந்து பார்க்கும் முறை

புதிய பூச்சொன்றை நேரே முகம் முழுதும் பூசுதல் தகாது. முன்னங்கையின் உட்புறத்திலோ முழங்கை மடிப்பிலோ ஒரு நாணய அளவினதாகிய இடத்திற் பூசி, முகத்தில் வைத்திருக்கும் அளவு நேரம் வைத்துக் கழுவுக. நாள்தோறும் இவ்வாறு ஏழு நாள் செய்க. சிவப்போ, கடியோ, தடிப்போ தோன்றாவிடின் முகத்திற்குக் கொண்டு செல்லலாம். ஒவ்வாமை முதல் நாளிலேயே தோன்ற வேண்டும் என்பதில்லை. உடம்பு ஒரு பொருளை உணர்ந்து எதிர்ப்பதற்குச் சில நாள்கள் செல்வதுண்டு. ஆதலின் திருமணத்திற்குப் பத்து நாளே இருக்கையிற் புதிய பூச்சைத் தொடங்குதல் அறிவுடைமையன்று.

அம்மாணவி திருமணம் முடிந்து, எரிவு தணிந்த பின்னர், இம்முறையே மீண்டும் தொடங்குகின்றாள் என்க. இரண்டு தேக்கரண்டி கற்றாழைச் சோறு, ஒரு தேக்கரண்டி புதுத்தயிர், அரைத் தேக்கரண்டி தேன் என்னும் மூன்றை மட்டும் அவள் கூட்டுகின்றாள். பலபொருள் கூட்டின் எப்பொருள் நன்மை செய்தது, எப்பொருள் தீமை செய்தது என அறிய முடியாது. கைச்சோதனை முடிந்தபின் அவள் மேற்கொள்வது அரைமுகச் சோதனை. மனித முகம் இருபாதி உடையது. இருபாதியும் ஒரே காற்றையும் ஒரே வெயிலையும் ஒரே நீரையும் பெறுவன. எனவே ஒப்பீட்டிற்கு இயற்கை தந்த ஆய்வுக்கூடம் முகமேயாகும்.

இரு கன்னங்களையும் சவர்க்காரமின்றி நீராற் கழுவி, வலப்பாதியில் மட்டும் பூச்சினை இடுகின்றாள். அதே நேரத்தில் இடப்பாதியை ஈரத்துணியால் மூடி வைக்கின்றாள். விளிம்பு வெளிறு முன் இரண்டையும் நீக்கி, நனைத்துக் கழுவி, துணியால் ஒற்றி, தோல் ஈரமாக இருக்கும்போதே இருபுறமும் இரண்டிரண்டு துளி எண்ணெயைப் பரப்புகின்றாள். அன்றிரவு கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நீரேற்ற தோல் எதுவாயினும் சில மணி நேரம் பொலிவாகவே தோன்றும். மறுநாட் காலை முகங் கழுவு முன், எப்பாதி இழுக்கின்றது, எப்பாதியிற் செதில் உள்ளது என்பதைக் குறித்து வைக்கின்றாள். வாரம் இருமுறையாக நான்கு வாரம் இது தொடரும். தோற்கலத்தின் பயணம் நான்கு வாரமாதலின், அதனிற் குறைந்த காலத்தில் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

இச்சோதனையால் இரு முடிவுகளுள் ஒன்று பெறப்படும். வலப்பாதி இடப்பாதியினும் தெளிவாக நலமுற்றால், பூச்சு தன் பங்கிற்கு ஏதோ செய்கின்றது எனலாம். இரண்டும் ஒப்ப நலமுற்றால், நன்மை செய்தன நீரும் அதனைக் காத்த எண்ணெயுமே என்பது தேற்றம். பின்னைய முடிவு ஏமாற்றமன்று. பணச் செலவும் காலச் செலவும் இன்றி நாள்தோறும் செய்யத்தக்க வழியொன்றை அது காட்டுகின்றது.

புதிதாகச் செய்த பூச்சு அன்றே பயன்படுத்தற்பாலது. கடைப்பொருள்களிற் போல நுண்ணுயிரைத் தடுக்கும் பொருள்கள் இதிற் கலக்கப்படுவதில்லை. நீரும் இனிப்பும் கலந்த கலவையில், திருகோணமலையின் வெப்பத்திலே நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். எஞ்சியதை மறுநாளுக்கென வைத்தல் வேண்டா.

விலக்கற்பாலன

தேசிக்காய்ச் சாறு முகப்பூச்சிற்கு ஆகாது. அதன் காடித்தன்மை தோலினுடையதைவிடப் பன்மடங்கு மிக்கது. அன்றியும் தேசியின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள் வெயில் படும்போது தோலிற் கொப்புளத்தையும், பின்னர் நெடுநாள் மாறாத கருமையையும் உண்டாக்கும். சாற்றைத் தடவிக் கொண்டு துறைமுக வெயிலிற் செல்வது, நிறத்தை விரும்பிக் கருமையைத் தேடிக் கொள்வதாகும்.

முல்தானி மண் போன்ற களிமண் வகைகள் எண்ணெய் மிக்க முகத்திற்கு உரியன. வறண்ட முகத்திற்கு அல்ல. சீனி, உப்பு, அரைத்த கொட்டை ஆகியவற்றாற் செதிலைத் தேய்த்து எடுத்தலும் தவறு. மஞ்சள் பலர்க்கு ஏற்கும். சிலர்க்கு ஒவ்வாமை தரும். கடைத்தூளில் நிறத்திற்காக மெற்றனில் மஞ்சள், ஈயக் குரோமேற்று என்னும் நச்சுப்பொருள்கள் கலக்கப்பட்டமை தென்னாசிய நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஆதலின் மஞ்சள் வேண்டுவோர் கிழங்கை வாங்கி உரைத்துக் கொள்ளுதலே நன்று.

எல்லாவற்றினும் அஞ்சற்பாலன, வெண்மை தரும் என்று விற்கப்படும் களிம்புகளுட் சில. உள்ளடக்கத்தைக் கூறும் சீட்டின்றி விற்கப்படும் அத்தகைய களிம்புகளில் இரசம் கலந்திருத்தல் பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. இரசம் தோலின் நிறப்பொருள் உண்டாவதைத் தடுப்பது. உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுப்பது. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, இரசம் சேர்ந்த அழகுப்பொருள்களை ஒழித்தற்கு நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றது. வறட்சி ஒரு குறை. கருமை ஒரு குறையன்று. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவோரே இக்களிம்புகளுக்கு இரையாகின்றனர்.

பூச்சினால் மறைக்கலாகாத வறட்சியும் உண்டு. உடம்பெங்கும் பரந்த வறட்சியோடு களைப்பும் குளிர் தாங்காமையும் இருப்பின் தைரொயிட் சுரப்பியின் குறைவு காரணமாகலாம். நீரிழிவும் தோலை வறளச் செய்யும். வெளிறியோ சிவந்தோ தோன்றும் ஒரு திட்டு வறண்டு, தொட்டால் உணர்ச்சியற்று இருக்குமாயின் அது தொழுநோயின் அறிகுறியாதல் கூடும். அத்திட்டிற்குப் பூச்சிட்டுக் காலங் கழித்தல் நரம்பை இழப்பதற்கு ஏதுவாகும். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து அந்நோயை முற்றாகக் குணப்படுத்துவது. 1995 முதல் அது இலவசமாகவும் வழங்கப்படுகின்றது. நாணத்தால் மறைத்து வைப்போரே அதன் பயனை இழக்கின்றனர்.

முடிவுரை

வறண்ட முகத்திற்குப் புதிய பூச்சொன்றைத் தேடுவார், அதில் எப்பொருளை இடுவது என்பதையே பெரிதும் வினவுவர். பொருளினும் முறையே பெரிது என்பது மேற்கூறியவற்றாற் பெறப்பட்ட உண்மை. உறுத்தாத பொருளைத் தேர்தல், கையிற் சோதித்தல், காயுமுன் களைதல், ஈரம் நீங்குமுன் எண்ணெயிடல் என்னும் நான்கும் கைக்கொள்ளப்படின், தயிராயினும் கற்றாழையாயினும் தன் அளவிற்குப் பயன் தரும். இவை கைவிடப்படின் விலையுயர்ந்த பூச்சும் தீங்கே விளைக்கும்.

இத்துறையில் ஆராய்தற்கு இன்னும் பல உள. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. பருவத்திற்கொரு பூச்சு என்று பண்டை நூல் வகுத்ததைக் கச்சானிலும் வாடையிலும் வைத்து, அரைமுகச் சோதனையால் அளந்து காண்பதற்கு இவ்வூரினும் தக்க களம் அரிது. நூலிலுள்ளது என்பதற்காக ஏற்றலும், பழையது என்பதற்காகத் தள்ளலும் கல்வியின் பயனாகா. சோதித்துக் கொள்வதே கல்வி.

அம்மாணவி அடுத்த கச்சான் காலத்திலே நாள்தோறும் முகங் கழுவி, ஈரம் நீங்குமுன் இருதுளி எண்ணெய் தடவிப் பாடசாலைக்குச் செல்லின், அவளுக்குப் பூச்சு வேண்டப்படாமலே போதலும் கூடும். அந்நிலையை அவள் எய்துவதே முகலேபம் பற்றிய ஆராய்ச்சியின் சிறந்த பயனாகும்.